குழாயைத் திருப்பிப் பாருங்கள்

நன்னிலம் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகியது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். கடைக்குப் போனால், 'பத்து வருஷ வாரண்டி சார்' என்று பளபளவென்று ஒன்றை நீட்டினார்கள்.

பளபளப்பில் மயங்காதீர்கள். திருப்பி, முலாம் ஏறாத உள்மரையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பித்தளை. சாம்பல் என்றால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. உப்புத் தண்ணிக்கு ரொம்ப நாள் தாங்காது. கால் சுற்றில் மூடும் செராமிக் டிஸ்க் குழாய் சுகம்தான். ஆனால் போர் தண்ணி மணல் அதைக் கீறிவிட்டால் கார்ட்ரிட்ஜையே மாற்றணும். பழைய திருகு குழாய்க்கு ஒரு வாஷர் போதும்.

எல்லாக் குழாயும் ஒருநாள் ஒழுகும். அன்றைக்கு உள்ளூரிலேயே பாகம் கிடைக்கிற குழாய்தான் நல்ல குழாய்.

நான் பித்தளைத் திருகு குழாய் வாங்கினேன். கூடவே நாலு வாஷர்.