சூட்டிக்கொண்ட பெயர்கள்

பெயர் என்பது கூப்பிடுவதற்கான ஒரு வசதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று மிலிந்த அரசனிடம் நாகசேனர் சொல்கிறார். 'மிலிந்த பன்ஹா'வில் வரும் அந்தப் பிரசித்தமான உரையாடலில் தேர் ஒன்று பிரித்துப் போடப்படுகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? எதுவுமில்லை. நாகசேனரும் அப்படித்தான். மயிரிலும் நகத்திலும் பல்லிலும் தேடினால் நாகசேனர் என்று ஒருவர் அகப்படமாட்டார். பெற்றோர் ஒரு பெயர் வைத்தார்கள், உலகம் அதைப் புழங்குகிறது.

'உதான'த்தில் புத்தர் சொல்லும் உவமை இன்னும் கறாரானது. கங்கை, யமுனை முதலிய பெருநதிகள் கடலைச் சேர்ந்ததும் பழைய பெயரை இழந்து கடல் என்றே ஆகிவிடுகின்றன. அதுபோல நான்கு வர்ணத்தாரும் சங்கத்தில் சேர்ந்ததும் பெயரும் குலமும் போய்ச் சாக்கிய புத்திரர்கள் என்றே ஆகிறார்கள். சீனத்தில் தாவோ ஆன் (312–385) என்ற துறவி இந்த உவமையைக் காரியமாகவே ஆக்கினார். துறவிகள் யாவரும் அவரவர் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, சாக்கியர் என்பதன் சீன வடிவத்தின் முதல் எழுத்தான 'ஷி' என்பதையே குடும்பப் பெயராகக் கொள்ளவேண்டும் என்றார். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது.

தத்துவம் இவ்வளவு தெளிவாக இருக்கையில், அதில் ஊறிய ஜப்பானியக் கவிஞர்கள் திரும்பத் திரும்பத் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டது ஏன்? ஹைக்கூ எழுதுகிறவன் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வது அங்கே மரபு என்பது சரியான பதில்தான்; ஆனால் போதாத பதில். பெயர் வைத்துக்கொள்வதற்கு மரபு காரணமாகலாம். இந்தப் பெயரை ஏன் வைத்துக்கொண்டான் என்பதற்கு மரபு காரணம் சொல்லாது. என் கட்சி இது: 'நான்' என்று ஒன்று இல்லை என்று ஒப்புக்கொண்டவன் தானாக ஏற்கும் பெயர், அந்த ஒப்புதலில் எங்கே விரிசல் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. கவிதை அந்த விரிசலிலிருந்துதான் வருகிறது.

பாஷோவை எடுத்துக்கொள்ளலாம். 1644இல் இகா உவேனோவில் பிறந்தவர். 'தோஸெய்' என்று ஒரு பெயரில் சில காலம் எழுதினார். பழுக்காத பீச் என்று பொருள். சீனக் கவி லி பாயின் பெயர் வெள்ளை பிளம் என்று பொருள்படும். அதை அண்ணாந்து பார்த்து வைத்துக்கொண்ட பெயர் இது என்பார்கள். ஆசை தெரிகிற பெயர்; எல்லா இளங்கவிஞர்களும் வைத்துக்கொள்ளக்கூடியது. 1680இல் எடோ நகரின் சந்தடியை விட்டு ஃபுகாகவாவில் ஒரு குடிசைக்குக் குடிபோனார். அக்கம்பக்கத்தில் தங்கியிருந்த புச்சோ என்ற ஜென் துறவியிடம் தியானம் பயின்றார். 1681இல் ரிகா என்ற சீடர் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து நட்டார். அது வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் அதை வாழைக் குடிசை என்றார்கள். குடிசையின் பெயர் குடியிருந்தவரின் பெயராயிற்று. பாஷோ என்றால் வாழை.

இங்கே தமிழ் வாசகன் நிதானிக்கவேண்டும். வாழை என்றதும் நமக்கு வாசலில் குலையோடு கட்டிய மரம், தலைவாழை இலை, வாழையடி வாழை. பாஷோவின் வாழை குலை தள்ளி உண்ணக் கனி கொடுக்கும் ஜாதியல்ல. காற்றடித்தால் இலை நார்நாராகக் கிழியும், மழை பெய்தால் சத்தம் கேட்கும், அவ்வளவே அதன் உபயோகம். 1692இல் புதிய குடிசை கட்டி வாழையை அங்கே பெயர்த்து நட்டபோது அவர் எழுதிய உரைநடையில், உபயோகமற்றதாயிருப்பதற்காகவே அம்மரத்தின் மேல் தமக்குள்ள பிரியத்தைச் சொல்கிறார். நம் மங்கல மரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பாஷோவைப் படிப்பவன் வேறு கவிஞனைப் படிக்கிறான்.

அதற்கும் பின்னால் ஒரு பழைய வாழை இருக்கிறது. ஸம்யுத்த நிகாயத்தில் உடல், உணர்வு முதலான ஐந்து கந்தங்களுக்கும் உவமை சொல்லும் இடத்தில், மனத்தின் புனைவுகளுக்கு வாழைமரம் உவமையாகிறது. வைரம் பாய்ந்த கட்டை தேடிக் காட்டுக்குப் போனவன் வாழையை வெட்டிப் பட்டை பட்டையாக உரிக்கிறான். மென்மரம்கூடக் கிடைக்கவில்லை, வைரத்துக்கு எங்கே போவது? நம் வீட்டுப் பெண்கள் உடனே ஆட்சேபிப்பார்கள்: உள்ளே தண்டு இருக்குமே, பொரியல் செய்யலாமே. ஆட்சேபணை நியாயமானது. தண்டு என்பது பூ தள்ளுவதற்காக மட்டைகளின் நடுவே மேலேறி வரும் காம்பு. பூக்காத வாழையில் அது இராது. பாலி மூலம் இதை அறிந்தே வைத்திருக்கிறது. வெட்டப்பட்ட வாழை நேரானது, இளையது, உள்ளே குருத்துத்தண்டு உருவாகாதது என்று குறிப்பாகச் சொல்கிறது. உவமை சொன்னவர் வாழையை உரித்துப் பார்த்தவர். பாஷோ இந்த இடத்தை நினைத்துப் பெயரை ஏற்றாரா என்பதல்ல விஷயம். வைரமில்லாத மரத்தின் பெயரைத் தாங்கியவர், 1682ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்தக் குடிசை எரிந்தபோதும் பெயரை விடவில்லை. குடிசை போனபின் பெயர் மட்டும் ஊர் ஊராக நடந்தது. நாகசேனர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்: தேர் எரிந்துவிட்டது, தேர் என்ற சொல் பயணம் போகிறது.

ஓஸாகி ஹோஸாயின் (1885–1926) கதை வேறு. சட்டம் படித்து, காப்பீட்டுக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, குடியால் அதை இழந்து, மனைவியைப் பிரிந்து, கோயில்களில் எடுபிடி வேலை செய்து, கடைசியில் ஷோதோ தீவில் ஒரு சிறு மடத்தில் செத்துப்போனவர். இளமையில் உறவுப்பெண் ஒருத்தியை விரும்பினார். ரத்த உறவு என்று மணம் மறுக்கப்பட்டது. முறைப்பெண்ணைக் கட்டுவது வழக்கமாயுள்ள நம் ஊரில் இந்த மறுப்பு விசித்திரமாகப் படும். அவள் பெயரிலிருந்த 'மணம்' என்னும் சித்திர எழுத்தைத் தம் புனைபெயரில் வைத்துக்கொண்டார் என்கிறார்கள். பிற்பாடு அந்த எழுத்தை எடுத்துவிட்டு, 'விட்டுவிடுதல்' என்று பொருள்படும் வேறு எழுத்தைப் போட்டார். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே: ஹோ. கூப்பிடுகிறவர்களுக்கு எதுவும் மாறவில்லை. கையெழுத்துப் போடுகிறவனுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தெரியும். நாளெல்லாம் மாதிரிக் கையெழுத்துகளோடு ஒத்துப்பார்த்தே பிழைக்கிற எனக்கு இது சாமானியமான மாறுதலாகத் தோன்றவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதுகிற ஓசையிலேயே விடாதது ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவருடைய வரிகளில் தெரியும் தனிமையைத் துறவின் அமைதி என்று பாராட்டுகிறவர்கள் இந்த ஓசையைக் காதில் வாங்காதவர்கள்.

ஹோஸாயின் சகபாடியான ஸந்தோகாவுக்கு (1882–1940) இரண்டு பெயர்கள். 1892இல் தாய் கிணற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். குடும்பத்தின் சாராயத் தொழில் நொடித்தது. 1924இல் குமமோத்தோவில் டிராம் வண்டியின் முன்னால் போய் நின்றவரை ஒரு ஜென் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1925இல் துறவு ஏற்றபோது வைத்த பெயர் கோஹோ. நிலத்தை உழுபவன் என்ற கருத்துள்ளது. நல்ல பெயர், உபதேசப் பெயர். ஆனால் கவிதைகளின் மேல் அந்தப் பெயர் ஒட்டவில்லை. நம்முடைய பிரபவ விபவ போலவே அங்கும் அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. இவ்விரண்டு ஆண்டுகளுக்கு ஒரு படிமம் என்று அட்டவணை இருக்கிறது. இவருடைய குரு ஸெய்ஸென்ஸுய் தாம் பிறந்த 1884ஆம் ஆண்டுக்குரிய கிணற்று நீர் என்ற படிமத்தையே பெயராக்கிக்கொண்டார். சீடர் தம் பிறந்த ஆண்டுக்குரியதை விட்டுவிட்டு, யாருடைய ஆண்டுக்கோ உரிய 'மலையுச்சி நெருப்பு' என்பதை எடுத்துக்கொண்டார். குருவின் பெயரில் கிணறு இருக்கிறது. சீடர் தாயைக் கிணற்றில் பறிகொடுத்தவர். இதை வைத்து மனோதத்துவம் பேசுவது சுலபம், நான் பேசப்போவதில்லை. 1930இல் அதுவரை எழுதிய நாட்குறிப்புகளை அவர் தீயிட்டார் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மடம் கொடுத்த உழவன் பெயர் அவருக்கு வேலை செய்யவில்லை. இரவல் வாங்கிய நெருப்பு வேலை செய்தது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இஸ்ஸா (1763–1828). இஸ்ஸா என்றால் ஒரு தேநீர். தேநீரின் மேல் எழுந்து உடையும் நுரைபோல் நிலையாமை கொண்டவன் தான் என்ற பொருளில் அவரே தம் பெயருக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார். தூய நிலப் பௌத்தத்தில் பற்றுள்ளவர். ஷினானோ தேசத்துப் பிச்சைக்காரர்களின் தலைவன் என்றும் தம்மைச் சொல்லிக்கொண்டார். நுரை என்று பெயர் வைத்துக்கொண்டவனுக்கு மேற்கொண்டு உடைவதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் மணம் செய்துகொண்டார். பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 1819இல் பெண் குழந்தை ஸாதோ அம்மை கண்டு இறந்தது. அந்த ஆண்டின் பதிவான 'ஒரகா ஹரு'வில் அந்தச் சாவுக்காக எழுதிய கவிதை இருக்கிறது. ஹைக்கூ படிக்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. நிலையாமைக் கொள்கையை முழுசாக ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்ட வாயாலேயே தடுமாறி, வாக்கியத்தை முடிக்காமல் நிற்கிற கவிதை அது.

அந்தத் தடுமாற்றத்தின் கனம், அதைச் சொல்கிறவன் பெயர் நுரை என்பதால் கூடுகிறது. பெயரை வைத்துக்கொண்டது இருபதுகளில். அப்போது நிலையாமை ஒரு கருத்து. ஐம்பத்தாறு வயதில் குழந்தையின் உடலுக்குப் பக்கத்தில் அந்தக் கருத்து வந்து நின்றபோது, பெயர் அவரைக் காப்பாற்றவில்லை. பெயரை மறுக்கவும் அவர் துணியவில்லை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட மனுஷன் எழுதினான். பெயரோடு முழுக்கப் பொருந்திப்போயிருந்தால் அது ஒரு தேர்ந்த உபதேசமாக முடிந்திருக்கும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. தாழ்வைப் பெயராகச் சூடிக்கொள்வதே ஒரு சாமர்த்தியமான அகங்காரம் ஆகாதா? ஆகும். இக்கியூ (1394–1481) தம்மைப் 'பைத்தியக்கார மேகம்' என்று அழைத்துக்கொண்டார். தொகுப்புக்கும் அதே பெயர். அந்தத் தொகுப்பில் பணிவைத் தேடுவது வீண். சககாலத் துறவிகளைத் திட்டித் தீர்த்து, பரம்பரையின் உண்மையான வாரிசு தானே என்கிற மனுஷன் அவர். பைத்தியம் என்ற பெயர் அவருக்குக் கையிலுள்ள தடி. ரியோகானின் (1758–1831) பெயரோடு ஒட்டியுள்ள 'தய்கு' என்பதற்குப் பெருமூடன் என்று பொருள். 1790இல் குரு கொகுஸென் கொடுத்த சான்றில் இவரை மூடனைப்போன்றவன் என்றுதான் பாராட்டியிருக்கிறார். ரியோகான் இருந்தவரை தம் கவிதைகளைப் புத்தகமாக்கவில்லை. அவர் போனபின் தெய்ஷின் என்ற பெண் துறவி 1835இல் தொகுத்தாள். இரண்டும் பட்டப்பெயர்களே. ஒன்று வீச எடுத்தது, மற்றது பிறர் வைத்து இவர் சுமந்தது. பெயரின் அர்த்தத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே பணிவு என்று அடுக்கிவைக்கும் ஜென் ரசிகத்தனம் நம்மிடையே நிறைய உண்டு. அது படிப்பு ஆகாது.

நம் வீடுகளில் குழந்தைகள் தங்காமல் போனால் அடுத்ததற்குப் பிச்சை என்றும் குப்பு என்றும் பெயரிட்டார்கள். எமனுக்கு வேண்டாத பண்டம் என்று காட்டுவதற்கான தந்திரம் அது. பயத்திலிருந்து பிறந்த பெயர், ஆகவே பொய்யில்லாத பெயர். ந. பிச்சமூர்த்தி கவிதைக்கு 'பிக்ஷு' என்று பெயர் வைத்துக்கொண்டபோது, சொந்தப் பெயரில் இருந்த பிச்சையையே பௌத்தச் சொல்லால் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது. எஸ். மணிக்கு 'மௌனி' என்ற பெயரை வைத்தவர் பி. எஸ். ராமையா. வாழைக்கன்றைப்போல வெளியிலிருந்து வந்து நடப்பட்டது. இரண்டு டஜன் கதைகளோடு நிறுத்திக்கொண்டதில் அந்தப் பெயருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

இப்பத்திரிகையின் பக்கங்களில் எழுதுகிற நம்மில் பாதிப்பேர் சூட்டிக்கொண்ட பெயரில்தான் எழுதுகிறோம். ஜாதி வால் தெரியாதிருக்க, மேலதிகாரி கண்ணில் படாதிருக்க, ஓசை நன்றாயிருக்க என்று காரணங்கள் உண்டு. அவற்றில் கேவலம் ஏதுமில்லை. ஆனால் ஞானம், மௌனம், சூன்யம், பித்து என்று எடுத்துக்கொண்டவர்கள் ஒரு கணக்கைத் திறந்திருக்கிறார்கள். இஸ்ஸாவுக்கு அது முப்பது வருஷம் கழித்து, அம்மைத் தழும்பு விழுந்த ஒரு குழந்தை முகத்தின் முன்னால் வசூலுக்கு வந்தது.