கைகளும் கணக்கும்

ஷெர்வுட் ஆண்டர்ஸனின் ‘வைன்ஸ்பர்க், ஒஹையோ’ (1919) பற்றிப் பேசுகிறவர்கள் ‘தனிமை’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். தனிமை நகரத்து மாடியறையிலும் உண்டு. விவசாயத்தை நம்பியிருக்கும் ஒரு சின்ன ஊரின் தனிமைக்கு என்ன தனி லட்சணம் என்பதுதான் என் கேள்வி. ஆண்டர்ஸன் வளர்ந்த க்ளைட் என்ற ஊரின் சாயல் இதில் உண்டு என்ற தகவல் அதற்குப் பதிலாகாது.

‘கைகள்’ கதையில் வரும் விங் பிடில்பாம், பென்ஸில்வேனியாவில் வேறு பெயரில் பள்ளி ஆசிரியனாக இருந்தவன். மாணவர்களின் தோளைத் தொட்டுப் பேசுகிறவன். மந்தபுத்திப் பையன் ஒருவன் தன் கற்பனையை நிஜமென்று சொல்ல, ஊர் அவனை அடித்துத் துரத்துகிறது. வைன்ஸ்பர்க்கில் அதே கைகள் ஒரே நாளில் 140 குவார்ட் ஸ்ட்ராபெர்ரி பறிக்கின்றன. ஊருக்குப் பெருமை. பாங்க்காரரின் புதுக் கல்வீட்டைப் பற்றியும் பந்தயத்தில் ஜெயித்த குதிரையைப் பற்றியும் உள்ள அதே பெருமை. அன்போடு நீண்டபோது குற்றமான கை, கணக்கில் அளக்கப்பட்டதும் ஊர்ச்சொத்தாகிவிடுகிறது. ஆண்டர்ஸன் இதை விளக்குவதில்லை. கையைக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

‘தெய்வபக்தி’யின் ஜெஸ்ஸி பென்ட்லி, பைபிள் காலத்து மூதாதை போல நிலத்தை ஆள நினைக்கிறான், ஆட்களைக் குறைக்க இயந்திரமும் வாங்குகிறான். எனக்கு இரண்டும் ஒரே ஆசையாகத்தான் படுகின்றன. வேலையில் நைந்துபோகும் அவன் மனைவி பிரசவத்தில் சாகிறாள்.

‘சொல்லாத பொய்’யில் இரண்டு கூலியாட்கள் மக்காச்சோளக் கதிர் உரிக்கிறார்கள். தன்னால் கர்ப்பமான பெண்ணைக் கட்டிக்கொள்ளலாமா என்று இளையவன் கேட்கிறான். பிள்ளைகுட்டிக்காரனான ரே பியர்ஸன், வேண்டாமென்று சொல்ல மாலையில் வயல் தாண்டி ஓடுகிறான். சொல்லவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும் என்று உணர்கிறான். நாம் நம் கூலிக்காரனுக்கு வறுமையைத் தாராளமாகக் கொடுக்கிறோம். இப்படி ஒரு சிந்தனையைக் கொடுப்பது அபூர்வம்.

‘மண்வாசனை’ என்ற சொல் நம் விமர்சனத்தைக் கெடுத்திருக்கிறது. கலப்பையும் பேச்சுவழக்கும் சரியாக இருந்தால் கிராமம் வந்துவிட்டதென்று திருப்தியடைகிறோம். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) வாசனையால் நிற்கவில்லை. நிலத்தில் பங்கு கேட்கும் விதவையின் பிடிவாதத்தையும் அவள் உடம்பின் பிடிவாதத்தையும் அதில் பிரிக்கமுடியவில்லை.

ஆண்டர்ஸனிடம் எனக்கு ஒரு தகராறு உண்டு. முடிவில் பத்திரிகைக்காரப் பையன் ஜார்ஜ் வில்லர்ட் ரயிலேறிப் போய்விடுகிறான். ஊர் அவன் வாலிபக் கனவுகளுக்குப் பின்திரையாகிவிடுகிறது. ரே பியர்ஸன் ரயிலேற முடியாது. மறுநாளும் அவனுக்குக் கதிர் இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவனின் கண்தான் இந்தப் புத்தகத்தின் பலம், எல்லையும்கூட. எழுதுகிற நம்மில் பலரும் போனவர்கள்தாம். இருப்பவனுக்காக இரங்கி எழுதுவது சுலபம். அவன் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை யார் எழுதப்போகிறார்கள்?