மூலமும் பிரதியும்: தேநீரும் மறதிநோயும் பற்றிய செய்திகள் குறித்து ஒரு நோக்கு

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழில் எழுதும் முயற்சி பெருகிவருதல் வரவேற்கத்தக்கதே. எனினும், தேநீர் மறதிநோயைத் தடுக்கும் என்ற கூற்று விளம்பரங்களிலும் வாசகர் பக்கங்களிலும் ஐயமின்றி இடம்பெறுவது அம்முயற்சியின் ஒரு குறைபாட்டைப் புலப்படுத்துகின்றது. தேயிலையே வாழ்வாக அமைந்த லிந்துலையிலிருந்து நோக்குவோர்க்கு இக்குறைபாடு மேலும் துலக்கமாகத் தெரியும்.

இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவனவற்றுள் டௌ என்னும் புரதம் பற்றிய ஆய்வுகள் முக்கியமானவை. 1975 இல் இனங்காணப்பட்ட இப்புரதம் நரம்புக் கலங்களின் நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது. அல்சைமர் நோயில் இது இயல்பு திரிந்து, இழைகளாகத் திரண்டு, முடிச்சுக்களாகப் படிகின்றது. நோயாளரின் மூளைத் திசு வேண்டியபோதெல்லாம் கிடைப்பதன்று. ஆகவே, மனித டௌவுக்குரிய பரம்பரையலகைப் பற்றீரியாவினுட் செலுத்தி, அப்புரதத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கிக்கொள்கின்றனர். அது தானாக இழையாவது அரிது. எனவே பெரும்பாலும் ஹெப்பாரினைச் சேர்த்துத் திரளச் செய்கின்றனர்.

பூனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்திற் சுபாஷ்சந்திரபோஸ் சின்னத்தம்பியின் குழுவினர் 2020 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகைப் புரதத்தைக் கொண்டே நிகழ்ந்தது. பச்சைத் தேயிலையில் மிகுந்துள்ள ஒரு கட்டெச்சின் பொருள், டௌ திரள்வதைத் தடுப்பதையும் திரண்டதைக் கரைப்பதையும் அவர்கள் கண்டனர். இது பெறுமதியான முடிபு. ஆயின், அது சோதனைக் குழாயிற் பெற்ற முடிபு.

பிரதி மூலத்தை ஒத்ததா என்பது இலக்கிய மாணவர்க்குப் பழகிய வினா. இங்கும் அதுவே எழுகின்றது. 2017 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் அல்சைமர் மூளையிலிருந்து பெற்ற டௌ இழைகளின் அமைப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் வெளிப்படுத்தினர். ஹெப்பாரினால் உண்டாக்கிய இழைகள் அவற்றினின்றும் வேறுபட்டவை என்பது 2019 இல் தெளிவாயிற்று. பின்னர், டௌவின் ஒரு பகுதியை மட்டும் கொண்டு, மூளையிற் காணும் அமைப்பையே அவர்கள் ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினர். ஆகவே, பிரதி செய்தல் பிழையன்று. எப்பிரதி என்று கூறாமை பிழை.

2022 இல் கலிபோர்னியாவில், நோயாளர் மூளையிலிருந்து பெற்ற இழைகளையும் அக்கட்டெச்சின் சிதைப்பது காட்டப்பட்டது. எனினும் அது மூளையை எளிதிற் சென்றடையாமையால், அதனை வழிகாட்டியாகக் கொண்டு வேறு மூலக்கூறுகளையே அவ்வாய்வாளர் தேடினர். மேலும், நம் மலைகளில் ஆக்கப்படுவது பெரும்பாலும் கறுப்புத் தேயிலை. கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட விடும்போது கட்டெச்சின்களிற் பெரும்பகுதி தியாபிளேவின் முதலியனவாக மாறிவிடுகின்றது. ஆய்வுக் குழாயிலுள்ள பொருளும் லயத்துத் தேத்தண்ணீரும் ஒன்றல்ல.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வாழ்நாளெல்லாம் தேத்தண்ணீர் அருந்திய முதியவர் ஒருவர் தம் லயத்துக்கான வழியை மறக்கும்போது, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவோர் உளர். விற்றமின் பி 12 குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி நேரலாம். அவை சிகிச்சைக்கு உரியவை. தேநீரே காப்பு என்னும் எழுத்து, அம்முதியவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் நாளைப் பிற்போடக்கூடும்.

எந்த டௌ, எந்தப் பொருள், அது மூளையைச் சேருமா என்னும் மூன்றுக்கும் விடை கூறாத கட்டுரை விஞ்ஞானக் கட்டுரை ஆகாது. அதனை எழுதுபவரிடம் மட்டுமன்றி, வெளியிடும் ஆசிரியரிடமும் இவ்விடைகளைக் கேட்பது வாசகரின் உரிமையாகும்.