மூலிகை என்றால் தீங்கற்றதா?

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்திற்குக் கூடும் பெண்களில் நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர் பலர். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென உடல் அனலாய்க் கொதிப்பதும், இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுவதும் அவர்களுக்குப் புதியவை அல்ல. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. அதன் விளைவே இது.

இதற்கு நம்மவர் தண்ணீர்விட்டான் கிழங்கைத் தருவர். சீனர் டாங் குவாய் என்னும் வேரைத் தருவர். "சாப்பிட்டேன், குணமானது" என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் சான்று. இது போதுமா? அடுப்பிலிருந்து இறக்கிய பால் தானாகவே ஆறும். விசிறியதால்தான் விரைவில் ஆறியது எனக் காட்ட, விசிறாத இன்னொரு பாத்திரமும் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

அத்தகைய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடைபெற்று, 1997-இல் முடிவு வெளியாயிற்று. 71 பெண்களில் ஒரு பிரிவினர்க்கு டாங் குவாயும், மற்றவர்க்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்தும் 24 வாரங்கள் தரப்பட்டன. இரு பிரிவினர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. "சீன வைத்தியர் இவ்வேரைத் தனியே கொடுப்பதில்லை, கூட்டு மருந்தாகவே கொடுப்பர்" என்ற மறுப்பு எழுந்தது. நியாயமான மறுப்புத்தான். ஆனால் தனி வேரையே மாத்திரையாக்கி விற்பவருக்கு அது துணை வராது. கூட்டு மருந்தையும் இவ்வாறே சோதித்தாக வேண்டும்.

"பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பர் சிலர். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் இளைக்கச் சீன மூலிகை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதாயின. ஒரு வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டதே காரணம். நம் வயலோரத்து ஆடுதின்னாப்பாளையும் அந்த இனமே. அதே நச்சு அமிலம் இதிலும் உண்டு.

ஹார்மோன் சிகிச்சை மட்டும் தீங்கற்றதா எனக் கேட்கலாம். இல்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மருந்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்புச் சற்றுக் கூடுவதை, 16,608 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002-இல் காட்டியது. அளந்து பார்த்ததால் அத்தீமை தெரிந்தது. மூலிகைகள் பலவற்றை நாம் இன்னும் அவ்வாறு அளக்கவில்லை.

ஒன்றை மறக்கலாகாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டால், அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது வேரை அரைத்துக்கொண்டு நாளைக் கடத்தாமல், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதே அறிவுடைமை.