சில்காட் அறிக்கை கேட்காமல் விட்ட கேள்வி

மக்கள் வேண்டாம்னு சொன்ன பிறகும் அரசுகள் ஏன் போருக்குப் போகின்றன? இந்தக் கேள்வியோடுதான் சில்காட் அறிக்கையைத் திறந்தேன். இராக் போரில் பிரிட்டன் இறங்கியதை ஏழு வருடம் விசாரித்து, 2016 ஜூலையில் வெளியானது. மொத்தம் 26 லட்சம் சொற்கள். முழுசா படிச்சேன்னு சொல்ல மாட்டேன். சுருக்கத்தையும் போருக்கு முந்தைய மாதங்கள் பற்றிய பகுதிகளையும் படித்தேன்.

அறிக்கை பூசி மெழுகவில்லை. அமைதி வழிகள் தீரும் முன்பே போரில் இறங்கினார்கள், உளவுத் தகவலை இல்லாத உறுதியோடு காட்டினார்கள், அமைச்சரவையில் போதுமான விவாதம் இல்லை என்று நேராகவே சொல்கிறது. ஆனால் இவையெல்லாம் அறைக்குள் நடந்த கோளாறுகள். 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருவில் இறங்கியவர்கள் போலீஸ் கணக்கிலேயே ஏழரை லட்சம் பேர். அவர்கள் குரல் ஏன் எடுபடவில்லை? அறிக்கைக்கு அது ஒரு கேள்வியாகவே இல்லை.

ஆனால் பதில் அதே அறிக்கையின் தேதிகளில் இருக்கிறது. எது வந்தாலும் உங்களோடு நிற்பேன் என்ற பொருளில் பிளேர் புஷ்ஷுக்கு எழுதியது 2002 ஜூலை 28 அன்று. ஊர்வலத்துக்கு ஆறரை மாதம் முன்பு! கூடவே ஐ.நா. வழியாகப் போகணும் என்றும் வற்புறுத்தினார்தான். ஆனால் வாக்கு கொடுத்தாயிற்று. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்ததோ 2003 மார்ச் 18. அதற்குள் படைகள் வளைகுடாவில் தயார். அப்போது 'வேண்டாம்' என்றால் படையைத் திருப்பிக் கூப்பிடணும். எத்தனை எம்.பி.க்கு அந்தத் துணிச்சல் வரும்? ஆதரவு 412, எதிர்ப்பு 149. சண்டை தொடங்கியதும் கருத்துக்கணிப்புகளும் போர் பக்கம் சாய்ந்தன.

இதோடு துருக்கியை வைத்துப் பாருங்க. 62 ஆயிரம் அமெரிக்கப் படையினரை உள்ளே விடலாமா என்று மார்ச் 1 அன்று, அவர்கள் வந்து இறங்கும் முன்பே, நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250. 19 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு தேவை என்பதால் தீர்மானம் தோற்றது. போர் நிற்கவில்லைதான். ஆனால் துருக்கி வழியாகப் பெரும்படையை இறக்கும் திட்டம் அதோடு போயிற்று.

'அரசுகள் மக்களை மதிப்பதில்லை' என்ற பொத்தாம்பொதுவான பதில் எனக்குப் போதவில்லை. இரண்டு நாட்டிலும் மக்கள் எதிர்த்தார்கள். எப்போது கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். படை நகரும் முன்பே நாடாளுமன்றத்தைக் கேள் என்பதை சில்காட் முதல் பாடமாக எழுதியிருக்க வேண்டும்.