பட்டத்தைப் பறித்தது சரிதானா?

2001 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடர் நடந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அணிக்காகப் பந்தெறிந்த சிறுவன், ஓர் ஆட்டம் முழுக்க எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்ட விடவில்லை. அது 12 வயதுவரை உள்ளவர்களுக்கான போட்டி. தொடர் முடிந்த சில நாட்களில், ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் அவன் பிறந்த டொமினிக்கன் குடியரசின் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் பிடித்தது. அவன் பிறந்தது 1989இல் அல்ல, 1987இல். அப்போது அவனுக்கு வயது 14. அணியின் மூன்றாம் இடமும் அவனுடைய சாதனையும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. தந்தைக்கும் அணியை நிறுவியவருக்கும் ஆயுள் தடை.

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெரியவர்கள் செய்த மோசடிக்கு அந்தப் பெயரே அடையாளமாகிவிட்டது. அது அநியாயம்.

வயது விதி வெறும் காகிதச் சடங்கு அல்ல. லிட்டில் லீக்கில் பந்தெறிபவர் 46 அடி தூரத்திலிருந்து வீசுகிறார். அங்கே 14 வயதுக்காரன் நின்றால், எதிரே மட்டை பிடித்திருக்கும் 11 வயதுப் பையனுக்குப் பந்தைப் பார்க்கவே நேரமிருக்காது. அந்தப் பருவத்தில் இரண்டே ஆண்டுகளில் தோளும் கையும் ஆளும் மாறிவிடும். தோற்றவன் தனக்குத் திறமை இல்லை என்று நம்பிவிடுவதுதான் இதில் பெரிய கொடுமை.

சிகாகோவின் ஜாக்கி ராபின்சன் வெஸ்ட் அணியின் கதை வேறு. 2014இல் அதே தொடரில் அமெரிக்கப் பட்டம் வென்ற அந்தக் கறுப்பினச் சிறுவர்களின் வயதில் தவறில்லை. சிலருடைய வீடு அணியின் எல்லைக்கு வெளியே இருந்தது. எல்லை வரைபடத்தைப் பெரியவர்கள் திருத்தியிருந்தார்கள். 2015 பிப்ரவரியில் பட்டம் பறிக்கப்பட்டு லாஸ் வேகாஸ் அணிக்குப் போனது. எல்லை விதிக்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால், நகரம் முழுவதும் சல்லடை போட்டுச் சிறந்தவர்களைத் திரட்டும் அணி, தன் தெருப் பிள்ளைகளோடு வரும் அணியை நசுக்கிவிடும்.

கோப்பையைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டுப் பெரியவர்களை மட்டும் தண்டிக்கலாமே என்று கேட்பவர்களின் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோப்பைக்கு இன்னொரு ஊர்ப் பிள்ளைகளும் உரிமை கொண்டாடலாமே! கோப்பை கையில் தங்கினால், தடையை விலையாகக் கொடுத்து அதை வாங்க அடுத்த பயிற்சியாளர் தயங்கமாட்டார். ஆகவே பட்டத்தைப் பறித்தது சரி. பறித்த நேரம்தான் தவறு. முகவரியும் வரைபடமும் முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒப்பிட்டிருக்கக் கூடியவை. பாராட்டு ஊர்வலமும் வெள்ளை மாளிகை வரவேற்பும் முடிந்து மாதங்கள் கழிந்த பின் பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பிடுங்கினார்கள். லாஸ் வேகாஸ் பிள்ளைகளுக்கோ மைதானத்தில் வென்று துள்ளும் நாள் கிடைக்கவே இல்லை.

கண்டுபிடிக்கும் வேலையையும் லீக் மற்றவர்கள் தலையில் போட்டிருந்தது. 2001இல் சந்தேகப்பட்ட எதிரணியினர் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தினார்கள். உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு பத்திரிகை. 2014 விவகாரத்தில் புகார் கொடுத்தது பக்கத்து லீக்கின் நிர்வாகி. போட்டியாளரே காவலர் ஆகும்போது, உண்மையான புகாரும் பொறாமையாகத்தான் தெரியும்.

காகிதத்தை நம்ப முடியாது என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் சிறுவர் பிரிவு ஆட்டக்காரர்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. சந்தேகத்தைக் கிளப்ப அது உதவும். தீர்ப்பாக அதை ஏற்க எனக்குச் சம்மதமில்லை. நேர்மையான பிள்ளையின் எலும்பும் பிறந்த நாளை ஓராண்டுக்கு மேல் முந்தி வளரக்கூடும். வாரியம் 2020இல் அறிவித்த திட்டம் அதைவிட மேல்: தாமாக முன்வந்து உண்மையான பிறந்த தேதியைச் சொன்னவர்களுக்குத் தடை இல்லை, மறைத்துப் பிடிபட்டவர்களுக்கு இரண்டாண்டுத் தடை.

என் தீர்ப்பு இது. மூலப் பதிவேட்டையும் பள்ளிச் சான்றையும் முகவரியையும் லீக் தன் செலவில், முதல் ஆட்டத்துக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். அதையும் மீறி மோசடி நடந்தால் பட்டம் போகட்டும், பொய்க் காகிதம் கொடுத்த பெரியவர் ஆயுளுக்கும் வெளியேறட்டும். பிள்ளை மட்டும் தன் உண்மையான வயதுப் பிரிவில் அடுத்த வாரமே ஆட வேண்டும்.