முப்பது விநாடி நஞ்சு

அரை நிமிடம்! அவ்வளவே ஓடிற்று அந்தப் படம். 1988, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். தொலைக்காட்சித் திரையிலே ஒரு முகம்: கறுத்த முகம், கலைந்த தலை, கடுகடுத்த பார்வை. கொலைக் குற்றவாளி ஹார்ட்டனின் முகம்! மாசச்சூசெட்ஸ் சிறையிலிருந்து வார இறுதி விடுப்பிலே சென்றவன், திரும்பாது தலைமறைவாகி, 1987-இல் மேரிலாந்தில் ஓர் இணையரை வதைத்தான். அந்த மாசச்சூசெட்சின் ஆளுநர்தாம் மைக்கேல் டூக்காக்கிஸ், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்.

குற்றம் உண்மை. கொடுமை உண்மை. டூக்காக்கிஸ் விடுப்புத் திட்டத்தை ஆதரித்ததும் உண்மை. பின், நஞ்சு எங்கே என்பீர்கள். திட்டம் 1972-இல் ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர் காலத்தில் தொடங்கியது என்பது திரையில் இல்லை. அம்மனிதன் பெயர் வில்லியம். விளம்பரமோ 'வில்லி' என்றது. பெயரைச் சுருக்கி, முகத்தைப் பெருக்கிக் காட்டிய அந்த வித்தையிலே இருக்கிறது நஞ்சு!

அதை எடுத்தது ஜார்ஜ் புஷ்ஷின் தேர்தற்குழு அன்று; புறத்தே நின்ற வேறொரு குழு. "எமக்குத் தொடர்பில்லை" என்றனர் புஷ் தரப்பினர். அவர்தம் சொந்த விளம்பரத்தில், சிறைவாயிற் சுழற்கதவு வழியே கைதிகள் போவதும் வருவதுமாக இருந்தனர். ஹார்ட்டன் பெயர் இல்லை. எதற்குப் பெயர்? நாடே அறிந்துவிட்டதே! அறியச் செய்தவருள் முதல்வர், புஷ்ஷின் தேர்தல் தளபதி லீ அட்வாட்டர். தேர்தல் முடிவதற்குள் ஹார்ட்டனை டூக்காக்கிசின் துணை வேட்பாளராகவே ஆக்கிக் காட்டுவேன் என்று கொக்கரித்தவர் அவர்.

தென் கரோலினாவில் வளர்ந்தவர். 1980-இல், எதிரணி வேட்பாளர் ஒருவர் இளமையில் மனச்சோர்வுக்கு மின்சிகிச்சை பெற்றதை, காரின் மின்கலக் கம்பியைக் காட்டிக் கேலி பேசியவர். நோயாளியின் நோவும் அவருக்கு ஆயுதம்!

அவரது கலையின் இலக்கணத்தை அவரே வகுத்துத் தந்திருக்கிறார். 1981-இல் ஓர் ஆய்வாளரிடம் மனந்திறந்தார். 1954-இல் கறுப்பரைக் குறிக்கும் இழிசொல்லைக் கூவியே வாக்குக் கேட்கலாம். 1968-இல் அது கூவியவனையே சுடும். ஆகவே மாநில உரிமை என்பர், பள்ளிப் பேருந்து என்பர், பின்னர் வரிக்குறைப்பு என்பர். பேச்சு இப்படி நுண்மையாக ஆக, இனவெறியும் தேய்கிறது என்பது அவர் வாதம். 2012-இல் அந்த ஒலிப்பதிவே வெளியாயிற்று. மாநில உரிமை! நமக்கு அது உயிர்ச்சொல். அங்கோ, கறுப்பரை ஒதுக்கிவைக்கும் உரிமைக்கு வெள்ளையர் போர்த்திய போர்வை.

வகுப்பறையிலே குழூஉக்குறி கற்பிக்கிறேன். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், அயலார் அறியாதிருக்க. அட்வாட்டர் வழிக் குறிச்சொல் வேறுவகை. எல்லார்க்கும் புரியும், எவரும் புரியவில்லை எனச் சாதிக்கலாம். சொன்னவனுக்கும் தப்ப வழி, கேட்டவனுக்கும் தப்ப வழி. ஜூலையில் 17 புள்ளிகள் முந்தி நின்ற டூக்காக்கிஸ், நவம்பரில் 40 மாநிலங்களை இழந்தார். காரணங்கள் பல உண்டு. ஒரு முகம் மட்டுமே வீழ்த்திற்று என்று நான் சொல்லேன்.

இத்தனைக்கும் அட்வாட்டர் கறுப்பரின் புளூஸ் இசையிலே திளைத்தவர். கித்தார் மீட்டுவார், பி. பி. கிங்கோடு சேர்ந்து 1990-இல் இசைத்தட்டும் வெளியிட்டார். இசை இனித்தது, இசைத்த இனம் மட்டும் வாக்குச்சாவடி வாயிலில் பூச்சாண்டி! 1989-இல், கறுப்பின மாணவர் பயிலும் ஹோவர்ட் பல்கலைக்கழகம் அவரை அறங்காவலர் குழுவிலே அமர்த்தியது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றி அமர்ந்துவிட்டனர். விலகினார் அட்வாட்டர். அவருக்கு வாய்த்த திறனாய்வாளருள் தலைசிறந்தோர் அம்மாணவரே என்பேன்.

1990-இல் மூளையிலே கட்டி. 1991 மார்ச்சில், நாற்பதாம் அகவையில், மறைவு. நோயுற்றவரின் நோவிலே களிக்க நாம் அட்வாட்டர் அல்லோம். ஆயினும், கடைசிக் காலத்திலே சமயம் தழுவி, இதழொன்றில் அவர் எழுதிய வருத்தத்தைக் காட்டி, "பாவம் கழுவப்பட்டது" என்போர் உளர். பிராயச்சித்தத்திலே நம்பிக்கை உடையோர் அப்படிச் சொல்லலாம். நாம் எழுத்தைப் படிப்போம். டூக்காக்கிசைப் பற்றிய இரு பேச்சுகளுக்கு வருந்துகிறார். முதலாவதற்கு, அதன் கொடுமைக்காக. ஹார்ட்டனைத் துணை வேட்பாளராக்குவேன் என்ற இரண்டாவதற்கு? அப்பேச்சு தம்மை இனவெறியர் போலக் காட்டிவிட்டதாம். தாம் அவ்வாறு அல்லராம்! அந்த முகத்தைக் காட்டியபின், தெருவிலே நடக்கும் ஒவ்வொரு கறுப்பின இளைஞனும் எப்படிப் பார்க்கப்பட்டான்? அவ்வரிகளிலே அவனைத் தேடினேன். இல்லை.